ரப்பர் முளைகள்

அமைதியின் விலை பதினெட்டு யூரோ: இரையாத கணினி விசிறி ஒன்று. நான்கு ரப்பர் முளைகள் இலவசம். திருகாணிக்குப் பதிலாக அந்த முளைகளில் மாட்டினால் விசிறியின் அதிர்வு கணினிப் பெட்டியில் ஏறாது என்று கடைக்காரர் சொன்னதை ஹார்ரோ அப்படியே செய்திருக்கிறான். ஜெர்மனியின் பிரேமன் நகரில் மூன்றாம் மாடி; சன்னலில் மாலை மழை. அவன் மனைவி வீப்கே ஒலிப்புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை வாசிக்க மைக்கின் முன் உட்கார்கிறாள். "போன தடவை மாதிரி இரைச்சல் கேட்டுச்சுன்னா அடுத்த புத்தகம் வேற ஆளுக்குப் போயிடும், தெரியும்ல?" என்கிறாள். "நீ உன் வயித்துச் சத்தம் கேக்காம பாத்துக்கோ." அவள் முறைத்துவிட்டுத் தொடங்குகிறாள். விசிறிகள் சுற்றுவதே தெரியவில்லை. ஆனால் திரையின் ஓரத்தில் சூடு எண்பது, எண்பத்தாறு, தொண்ணூறு என்று ஏறுகிறது. நூற்றைத் தொட்டால் கணினி தானாக அணைந்துவிடும். விசிறியின் வேகத்தைக் கூட்டினால் இரைச்சல் பதிவாகிவிடும். ஹார்ரோ பெட்டியின் பின்னால் குனிகிறான். சூடான காற்று வெளியேற வேண்டிய இடத்தில் அவன் தாடி உள்ளே இழுபடுகிறது. பின்பக்க விசிறியை முகம் மாற்றி மாட்டியிருக்கிறான். வீப்கேவின் குரல் தடுமாறவில்லை. கண் மட்டும் என்ன என்று கேட்கிறது. பக்கப் பலகையை விலக்கிக் கையை நுழைக்கிறான். திருகாணியாக இருந்திருந்தால் தொலைந்தான். முளைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கழல்கின்றன. சுற்றுகிற விசிறியை அப்படியே புரட்டி, காற்று வெளியே போகும்படி பிடித்துக்கொள்கிறான். தொண்ணூற்றேழில் எண் நிற்கிறது, யோசிக்கிறது, இறங்குகிறது. கடைசி வரியை வாசித்துவிட்டு அவள் பதிவை நிறுத்துகிறாள். "என்னப்பா அது, கோழிக்குஞ்சைப் பிடிச்ச மாதிரி?" வரவு: சூடு எழுபத்தெட்டு, இரைச்சல் இல்லை, அத்தியாயம் முழுசாக ஒன்று. செலவு: மரத்துப்போன ஒரு கை, அது இன்னும் பெட்டிக்குள்ளேயே நிலுவையில் இருக்கிறது.