அட்டையில் ஒரு பெயர்

ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலுக்கடியில், ஜெராக்ஸ் சூடு ஆறாத படக்கதைப் புத்தகங்களுக்கு ரோஸ்லின் பின் அடிக்கிறாள். இலை இடுக்கில் இறங்கும் வெயில் பக்கங்களின்மேல் புள்ளி புள்ளியாய் ஆடுகிறது. கோயிலும் தாலியும் வேண்டாமென்று சேர்ந்து வாழும் ஜோடியின் நையாண்டிக் கதை. அவளும் எதிரே உட்கார்ந்து வரையும் விஜய்பாண்டியும் வாழ்வது அப்படித்தான். படம் அவனுடையது, வசனம் பூராவும் அவளுடையது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கதாநாயகன்தான் பேசுகிறான். நாயகி டீ கிளாஸோடு வாய் திறக்காமல் நிற்கிறாள். அட்டையிலும் அவன் பெயர் மட்டும். ஒரு புத்தகத்தை அவன் முன்னால் நீட்டுகிறாள்.

"எம்பேரு எங்க?"

"நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான புள்ள." நிமிராமலே கையை நீட்டுகிறான். "அந்த டீய எடு."

திராட்சைக் குலை வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு அட்டையிலிருந்தும் அவன் பெயரை நறுக்கி, அவனுடைய டீ கிளாஸுக்குள் உதிர்க்கிறாள்.

"இந்தா, டீ."