சாட்சிக்கு வந்தவள்

பத்திரப்பதிவு அலுவலகத்தின் மேசைமேல் வெயில் சாய்வாக விழுகிறது. ஆறு மாதத்துக்கு முன் முழங்கால் போய் ஓட்டப்பந்தயத்தை விட்டவள், காலை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறாள். பதினாறு வயதிலிருந்து அவள் ஓடி ஜெயித்த பணத்தையெல்லாம் அப்பாதான் பார்த்துக்கொண்டார். அதில் கட்டிய வீடு அப்பா பெயரில் இருப்பதும், இன்று தம்பி பெயருக்கு மாறுவதும், அதற்குத் தான்தான் சாட்சி என்பதும் தாளைப் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. "சின்ன வேலைன்னுதானேப்பா கூப்பிட்டீங்க?" அப்பா குரலைத் தாழ்த்துகிறார். "நீ என்னைக்கும்மா வீட்டுல இருந்த? யாராவது ஒருத்தர் பேருல இருக்கணும்ல." தம்பி போனிலிருந்து தலை நிமிரவில்லை. மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடக்கிறது. எழுத்தர் அதை விரலால் அழுத்திக்கொண்டு கேட்கிறார். "சாட்சிக்கு என்ன தொழில்னு போடட்டும்?" "இப்ப சும்மாதான் இருக்கா," என்கிறார் அப்பா. அவள் மேசையைப் பிடித்து மெல்ல எழுந்து, அப்பா கையெழுத்துக்குக் கொடுத்திருந்த பேனாவை மூடி அவருடைய சட்டைப்பையிலேயே செருகுகிறாள். "வேற சாட்சியப் பாத்துக்குங்கப்பா." காலை இழுத்து இழுத்து அவள் வாசலைத் தாண்டுவதற்குள், வரிசையில் நிற்பவர்களின் முகங்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்குகிறார்.