எல்லாரும் பார்த்தாச்சு

"போன வாரம் லிங்க் அனுப்பினேன் டீச்சர். வீட்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்!" கம்ப்யூட்டர் வகுப்பில் லேப்டாப்பைத் திறந்தபடியே சொன்னார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த கையால் மவுஸைப் பிடித்துப் பழகி, மறைந்த மனைவிக்காக அவரே வடிவமைத்த வெப்சைட்.

"பையன் என்ன சொன்னார் சார்?"

"'முதல் பக்கத்துல அம்மா சிரிக்கிறதைப் பார்த்து அழுதுட்டேன்ப்பா'ன்னான். பொண்ணு ஆபீஸ் முழுக்கக் காட்டினாளாம். என் தம்பிதான், 'எல்லாம் ஜோர், கலர் மட்டும் கண்ணை உறுத்துதுண்ணே'ன்னான். அதை மாத்தத்தான் வந்தேன்."

திரையைப் பார்த்த டீச்சர் தயங்கினாள்.

"சார்... நீங்க இன்னும் பப்ளிஷே பண்ணலையே. இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப நான் அனுப்பின லிங்க்?"

"திறந்திருந்தா, 'இப்படி ஒரு பக்கமே இல்லை'ன்னுதான் வந்திருக்கும்."

திரையில் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் மறக்கிறதுதான் சார். இந்தப் பட்டனை அமுக்குங்க, இப்பவே எல்லாரும் பார்க்கலாம்."

"வேணாம்மா." லேப்டாப்பை மெதுவாக மூடினார். "பார்க்க வேண்டியவங்கதான் எல்லாரும் பார்த்தாச்சே!"