ஒத்திகை பார்த்த பச்சை

"சிரி யாழினி! சிவப்பு எரிஞ்சா என் காக்கி போச்சு!" மனைவியின் மணிக்கட்டில் பட்டையை மாட்டியபடி அவசரப்படுத்தினான் தர்ஷன். சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு அவனுக்கு மிச்சமிருந்தது டாக்டர் முன்னால் நடக்கும் இந்த ஒரு மனநலச் சோதனைதான். அவன் அருகில் நிற்கும்போது வீட்டார் பயந்தால் பட்டை சிவக்கும்.

பச்சை எரிந்தது. தர்ஷன் மீசையை நீவிக்கொண்டான்.

"பரவாயில்லையே! வீட்ல ஒத்திகை பாத்தீங்களாம்மா?" டாக்டர் சிரித்தார்.

"வாடகைக்குப் பட்டை எடுத்து தினமும் பாத்தோம் சார்" என்றாள் யாழினி.

அவள் நெற்றியில் வியர்வை. அதைத் துடைத்துவிட ஆசையாகக் கையை உயர்த்தினான் தர்ஷன். அவள் சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டாள். பட்டை சிவந்தது.

டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கிய கையை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல், தலை குனிந்து நின்றான் தர்ஷன்.

ஒத்திகையில் சிவப்பு எரிந்தபோதெல்லாம் அவளை அறைந்த கை அது.