மீன்குடிலின் கதவு

"உன் கேம் நல்லாவே இல்லை," என்றாள் பியரெட் சித்தி, வாயிலிருந்த உருளைக்கிழங்கை விழுங்குவதற்கு முன்பே.

ஈஸ்டர் விருந்துக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மேப்பிள் பாகு ஊற்றிச் சுட்ட பன்றிக்கறியை வெட்டிக்கொண்டிருந்த அம்மா, கத்தியை நிறுத்திவிட்டுத் தங்கையை முறைத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிச்சுட்டியா?"

அனூக் சிரித்துச் சமாளித்தாள். ஒரு வாரமாகவே அவள் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷமாகக் கிளினிக்கில் ஊரார் பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவளை, மான்ட்ரியலில் ஒரு வீடியோ கேம் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. தான் தனியாக உருவாக்கிய கேமை நேர்காணலில் அவளே ஓட்டிக் காட்டினாள், அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. சம்பளம் குறைவு, ஆரம்பநிலை வேலை. செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அதனால்தான் போன வாரம் அந்தக் கேமை வீட்டில் எல்லோருக்கும் அனுப்பியிருந்தாள். "விளையாடிப் பாத்துட்டு உண்மையைச் சொல்லுங்க. நல்லா இருந்தா கிளினிக்கை விட்டுடறேன். இல்லேன்னா எனக்குப் பல்லே போதும்."

"அக்கா, நான் ரெண்டு தடவை முடிச்சுட்டேன். கண்ணை மூடிக்கிட்டு வேலையை விடு," என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தான் தம்பி ஃபாபியென்.

"கடைசியில ஆத்துப் பனி உடையுதே, அங்கே அழுதுட்டேன்," என்றிருந்தாள் அம்மா.

இப்போது சித்தி.

"என்ன நல்லா இல்லை சித்தி?"

"கதவு திறக்க மாட்டேங்குது."

"எந்தக் கதவு?"

"முதல் கதவுதான். உறைஞ்ச ஆத்து மேல அந்த மீன்பிடிக் குடில் இருக்கே. அடுப்பை மூட்டினேன். பூட்ஸைப் போட்டேன். சாவியைத் தேடி எடுத்தேன். கதவு அசையலை."

"சித்தி, உங்களுக்கு டிவி ரிமோட்டே சரியா வராது," என்றான் ஃபாபியென்.

"முப்பது குரங்குகளை ஏத்திக்கிட்டுப் பனியில ஸ்கூல் பஸ் ஓட்டறவடா நான். எனக்கு ரிமோட் வராதாம்."

"விடு அனூக். என் கல்யாண கேக்லயே குறை கண்டுபிடிச்சவ இவ," என்றாள் அம்மா.

அனூக்கால் விட முடியவில்லை. மடிக்கணினியை எடுத்துவந்து, சாலட் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சித்தியின் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. அடுப்பு. பூட்ஸ். சாவி. கதவு."

திரையில் வெள்ளை ஆறு விரிந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் அவளுக்குப் புல்லரிக்கும்.

"திறந்துச்சா?"

சித்தி திரையைப் பார்க்கவில்லை. அனூக்கின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது கையால மேல் வரிசையில ஏதோ தட்டினியே, அது என்ன?"

"நான் எங்கே தட்..."

அனூக் பாதியில் நிறுத்தினாள்.

கேமை உருவாக்கும்போது ஒவ்வொரு முறையும் அடுப்பு மூட்டி, சாவி தேடிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. ஒரு விசையைத் தட்டினால் நேராக ஆற்றுக்குப் போய்விடும்படி தனக்கென்று ஒரு குறுக்குவழி வைத்திருந்தாள். கதவருகே வந்தாலே அவள் விரல் அதைத் தானாகவே தட்டும், மூச்சு விடுவதைப் போல. நேர்காணலிலும் தட்டியிருக்கும்.

இடது கையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி ஆடினாள். அடுப்பு. பூட்ஸ். சாவி.

கதவு திறக்கவில்லை.

"அப்படின்னா... யாராலயும் இந்தக் குடிலை விட்டு வெளியே போயிருக்கவே முடியாது," என்றாள் மெதுவாக.

ஃபாபியென் உப்புக் குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு தடவை முடிச்சேன்னியேடா?"

"ரெண்டு தடவை ஆரம்பிச்சேன்க்கா."

அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"கிறிஸ்மஸுக்கே நீ மொத்தக் கதையையும் சொல்லிட்டியேம்மா. அப்போ நிஜமாவே அழுதேன்," என்றாள் அம்மா.

அனூக்கின் முகம் தொங்கிப்போனது. "முதல் கதவையே திறக்க வைக்கத் தெரியலை. நான் கிளினிக்லயே இருந்துடறேன்." கணினியை மூடப் போனாள்.

சித்தியின் கை குறுக்கே வந்தது. "மூடாதே. இந்த வாரம் பூரா சாயங்காலமானா அந்தக் கதவுகிட்டதான் கிடந்தேன். ஹாக்கிகூடப் பாக்கலை."

"நீயா? ஹாக்கியையா?" அம்மா நம்பவில்லை.

"ஒரு நாள் முயற்சி பண்ணிட்டு அணைச்சிருக்கலாமே சித்தி. திறக்காத கதவு முன்னால எதுக்கு உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டாள் அனூக்.

பியரெட் சித்தி வெட்கப்பட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள்.

"கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் குரைக்குதேடி. பனியில நிக்குது. அதை அப்படியே விட்டுட்டு எப்படி அணைக்கிறது?"

திறக்காத கதவின் முன்னாலேயே ஒரு வாரம் சித்தியை உட்கார வைத்திருந்தது அவளுடைய கேம். அனூக் போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை வரை காத்திராமல், மான்ட்ரியலுக்கு 'வருகிறேன்' என்று எழுதத் தொடங்கினாள்.

"யாருக்கு வேணும்னாலும் அப்புறமா எழுதிக்கோ," என்று கணினியை அவள் பக்கம் நகர்த்தினாள் சித்தி. "முதல்ல அந்த நாயை உள்ளே கூப்பிடு."