அப்புறம் சொல்றேன்

சின்ன வயதுக் காய்ச்சலில் காது போன நாளிலிருந்து பாகீரதிக்கு மனிதர்களின் உதடுகள்தான் குரல். மெட்ராஸ் மெயிலில் வந்து தாதரில் இறங்கியதும் அந்த வித்தை கைவிட்டுவிட்டது. மாட்டுங்கா வீட்டில் அக்கா நாகலக்ஷ்மியின் உதடுகள் மட்டுமே புரிந்தன. அத்திம்பேரும் பிள்ளைகளும் பேசுவது பிடிபடவே இல்லை.

சாப்பிடும்போது அவர்கள் ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள்.

"என்னக்கா சொல்றா?"

"அப்புறம் சொல்றேன்டி."

அந்த அப்புறம் வரவே இல்லை. செவிடிக்கு எதற்கு என்று அக்காவுமா நினைக்கிறாள்? கோடை முழுவதும் இருக்க வந்தவள், முதல் வாரமே பெட்டியைத் திறந்து புடவைகளை அடுக்கினாள்.

"ஏன்டி, அதுக்குள்ள கிளம்பறே?"

"ஊர்லேயும் எனக்கு யாரும் எதுவும் சொல்றதில்லை. ஆனா அங்கே நீ இல்லை. அதனால வலிக்கறதில்லை."

நாகலக்ஷ்மி கதவைச் சாத்திவிட்டு, தங்கைக்கு முகம் தெரியும்படி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? குழந்தைகள் ஹிந்தியிலதான் பேசறதுகள். அவரும் அதுகளோட சேர்ந்துண்டுடறார். எனக்குக் கறிகாய் வாங்கற ஹிந்திதான் வரும். என்னடான்னு கேட்டா, 'ஒண்ணுமில்லேம்மா'ங்கறதுகள். அவா மூஞ்சியப் பாத்து நானும் சிரிச்சுவைப்பேன்."

பாகீரதி மடித்த புடவையோடு அக்காவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வீட்டுல என்னை யாரும் எதுவும் கேக்கறதில்லைடி. நீ கேக்கறச்சே மட்டும், எனக்கு எல்லாம் தெரியற மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்து கேட்டுண்டிரேன்."