ஆய்வேட்டின் பின்பக்கத் தாள்

எங்கள் கல்லூரி வீருசின்னு சார் பன்னிரண்டு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். அமெரிக்க ஜனாதிபதிகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் அவரிடம் எல்லோரும் கேட்பது, அமெரிக்க விசா எப்படி வாங்குவது என்றுதான்.

அவருடைய ஆய்வேட்டை நூலகத்தில் யாரும் எடுப்பதில்லை. அதனால் ஒவ்வொரு ஜனாதிபதி பதவியேற்பு நாளிலும் அவரே போய் எடுப்பார். புத்தகம் எடுப்பவர்கள் எழுதும் பின்பக்கத் தாளில் தேதி, தன் பெயர், தன் பதவி எழுதுவார். 2017, 2021, 2025. எல்லாமே ஜனவரி 20.

நேற்று, நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் காட்ட அதை எடுக்கப் போனார். தாளில் நான்காவதாக ஒரு வரி இருந்தது: 20.01.2029.

“ஏம்மா, இது எந்தப் பய வேலை?”

நூலகர் மெகராஜ் பேகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “நீங்கதான சார் எழுதியிருக்கீக? நம்ம பசங்க இம்புட்டு அழகா எழுத மாட்டாய்ங்க.”

கையெழுத்து சாருடையதுதான். அவர் தேதியைப் பற்றிக் கவலைப்படவில்லை. பதவிக் கட்டத்தைத்தான் மூன்று முறை படித்தார். ‘கௌரவ விரிவுரையாளர்’ என்று இருந்தது.

“நாளைக்கு இன்டர்வியூம்மா. போகவா, வேணாமா?”

“போயிட்டு வாங்க சார். வருசா வருசம் போறதுதான?”

புத்தகத்தை எடுத்துப்போக எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த காலி வரி 2029-க்குக் கீழேதான் இருந்தது. அதில் அன்றைய தேதியை எழுதினார், பெயரை எழுதினார். பதவிக் கட்டத்தில் பேனா சற்று நின்றது. பிறகு மேல் வரியைப் பார்த்து அப்படியே எழுதினார்.